எந்த வார்டு உங்கள் வார்டு? நர்சிங் மாணவர்கள் சிறப்புத் துறையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றாம் ஆண்டு போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டுகளில் நேரடிப் பயிற்சி, தொடங்கியதும் மாணவிகள் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். “மேம், எந்த ஸ்பெஷாலிட்டி எடுத்தா நல்லது?” நான் உடனே பதில் சொல்வதில்லை. “போன வாரம் போஸ்டிங் போன வார்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே இருந்த சிஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோட் ப்ளூ, அதாவது இதயம் நின்றுபோன நோயாளிக்கான அவசர அழைப்பு, வந்தது ஞாபகம் இருக்கும். இரட்டைக் குழந்தை பிறந்தது ஞாபகம் இருக்கும். மத்தியானம் இரண்டு மணி யார் மனதிலும் நிற்பதில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு நம் வாழ்க்கை அந்த இரண்டு மணியில்தான் ஓடப்போகிறது. ஒரு துறையின் பரபரப்பான பத்து நிமிடத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வந்தவர்கள், அதன் சாதாரண எட்டு மணி நேரத்தைத் தாங்க முடியாமல் வேலையையே விட்டுப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல கைராசிக்காரர்கள், நோயாளி பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள். அவர்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து முடித்தபோது ஐசியூ தவிர வேறெதையும் யோசிக்கவில்லை. மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தேன். பிறகு ஒருநாள் டயாலிசிஸ் யூனிட்டில் ஆள் பற்றவில்லை என்று ஒரு மாதத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்பது வருடம் அங்கேயே இருந்தேன். மாணவியாக இருந்தபோது அந்த யூனிட்டில் எனக்கு ஒரே ஒரு நாள் போஸ்டிங். அன்றைக்கு மூலையில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதினேன். அன்றே கண்ணைத் திறந்து பார்த்திருந்தால், மூன்று வருடம் முன்னதாகவே என் இடத்துக்குப் போயிருப்பேன்.

முதல் படி: அவசரம் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பி.எஸ்சி. நர்சிங் சேரும்போதே துறையை முடிவு செய்ய வேண்டும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நான்கு வருட பி.எஸ்சி., மூன்று வருட ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) இரண்டுமே பொதுப் படிப்புகள். முடித்துவிட்டு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தால், எந்த வார்டிலும் வேலை பார்க்கத் தகுதி பெற்றுவிடுவீர்கள். துறை என்பது அதற்குப் பிறகு மூன்று வாசல் வழியாக வருகிறது. முதல் வேலையில் உங்களை எந்த வார்டில் போடுகிறார்கள் என்பது ஒன்று. அடிப்படை நர்சிங் படிப்புக்குப் பிறகு ஒரு துறையில் எடுக்கும் ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோ இன்னொன்று. எம்.எஸ்சி. மூன்றாவது.

பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021-22 முதல் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் மெடிக்கல் சர்ஜிக்கல், அதாவது பெரியவர்களுக்கான பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங், வருகிறது. ஐந்தாவதில் குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் மூன்றும் தொடங்குகின்றன. ஆறாவதில் மகப்பேறு சேர்ந்துகொள்கிறது. ஏழாவது முடியும்போது எல்லா முக்கியமான வார்டுகளிலும் கால் வைத்திருப்பீர்கள். எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப். ஆகவே மூன்றாவது செமஸ்டரில் “நான் கார்டியாக்தான்” (இதய நோய்த் துறை) என்று முடிவு செய்துவிடாதீர்கள். மனநல வார்டையும் லேபர் வார்டையும் பார்க்காமல் எடுத்த முடிவு அது. ஏழாவது வரை எல்லாவற்றையும் பாருங்கள். மனதில் நிற்கும் இரண்டு துறைகளை இன்டர்ன்ஷிப்பில் உரசிப் பாருங்கள்.

இரண்டாம் படி: போஸ்டிங் நோட்டு

லாக் புக்கும் கேர் பிளானும் கல்லூரிக்காக எழுதுவது. இந்த நோட்டு உங்களுக்காக. யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும் சின்ன நோட்டு போதும். போஸ்டிங் முடிந்து ஹாஸ்டலுக்கு வரும் பஸ்ஸிலேயே ஐந்து வரி எழுதிவிடுங்கள். நோயாளியின் பெயரோ ஐபி நம்பரோ (உள்நோயாளிப் பதிவு எண்) அதில் வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

என்ன எழுதுவது? இன்று எந்த வேலை செய்யும்போது மணி பார்க்க மறந்தேன், எந்த வேலை செய்யும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி பார்த்தேன் என்று எழுதுங்கள். எந்த நாற்றம், எந்தச் சத்தம், எந்த அழுகை ராத்திரி வரைக்கும் கூடவே வந்தது என்று எழுதுங்கள். இந்த வார்டில் பத்து வருடமாக இருக்கும் சிஸ்டரின் முகம் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். அப்புறம் அந்த மத்தியானம் இரண்டு மணிக் கேள்வியை மறக்க வேண்டாம்.

என்னிடம் படித்த ஒரு பையன் தன் நோட்டைக் காட்டினான். எலும்பு சிகிச்சைப் பிரிவான ஆர்த்தோ வார்டைப் பற்றிய பக்கத்தில், “தாத்தாவை முதல் தடவை வாக்கரில் நிற்க வைத்தோம். ஏழு அடி நடந்தார். எண்ணினேன்” என்று எழுதியிருந்தான். ஐசியூ பக்கத்தில் மெஷின் பெயர்கள் வரிசையாக இருந்தன, ஒரு மனிதர்கூட இல்லை. அவன் வாயால் கேட்டபோது ஐசியூதான் பிடிக்கும் என்றான். நோட்டு வேறு சொன்னது. நானும் நோட்டைத்தான் நம்பினேன்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வார்டின் சாதாரண நாளையும் பாருங்கள்

ஐசியூவிலிருந்து தொடங்குகிறேன், நிறையப் பேர் ஆசைப்படுவது அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் மானிட்டரும் வென்டிலேட்டரும் தெரியும். உள்ளே இருப்பவருக்கு வேலை என்பது மணிக்கொரு தடவை சார்ட், யூரின் அளவு, சக்ஷன் (மூச்சுக்குழாய்ச் சளியை உறிஞ்சி எடுப்பது), இரண்டு மணிக்கொரு தடவை பொசிஷன் மாற்றுவது, வாய் சுத்தம் செய்வது, கண்ணுக்கு ஆயின்ட்மென்ட். நோயாளி பேச மாட்டார். நன்றி சொல்ல மாட்டார். கண் திறந்து தெளிவானதும் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஒரே நோயாளியை எட்டு மணி நேரம் நுணுக்கமாகக் கவனிப்பதில் நிறைவு கிடைப்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. இதயத்துக்கு வலுக் கொடுக்கும் இனோட்ரோப் மருந்துச் சொட்டை அரை மில்லி ஏற்றிவிட்டு பிபி எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்கு தியானம் மாதிரி. மனிதர்களோடு பேசினால்தான் எனக்குப் பொழுது போகும் என்பவர் யோசிக்க வேண்டும். ஒரே ஷிஃப்டில் இரண்டு மரணம் பார்க்கும் நாளும் வரும்.

அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டி இதற்கு நேர் எதிர். இங்கே யாரையும் முழுசாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஆபத்தின் அளவைப் பொறுத்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசே ஏற்கிறது. விபத்துக் கேஸ்கள் பெரிய அரசு மருத்துவமனைக்கு மட்டுமில்லாமல் திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் வருகின்றன. கிராமப்புறம் என்றால் பூச்சிமருந்து குடித்தவர்களும் பாம்புக்கடியும் உண்டு.

பாம்புக்கடி என்று வந்தால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டியூபில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா என்பது விஷமுறிவு மருந்து கொடுப்பதைத் தீர்மானிக்க உதவும். சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போது அந்த டியூபை யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் அமைதியாக நிற்கிற ஆள்தான் கேஷுவாலிட்டிக்கு ஏற்றவர். ஓடுகிறவர்தான் லாயக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே பத்து வருடம் தாக்குப்பிடித்தவர்களை எல்லாம் பார்த்துவிட்டேன், அத்தனை பேரும் நிதானக்காரர்கள்.

லேபர் வார்டில் சந்தோஷம் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் முதலில் காத்திருக்கக் கற்க வேண்டும். வலி எடுத்த தாயின் பக்கத்தில் பல மணி நேரம், அரை மணிக்கொரு தடவை குழந்தையின் இதயத் துடிப்பு, பிரசவ முன்னேற்றத்தைக் காட்டும் பார்ட்டோகிராஃப் வரைபடத்தில் புள்ளி. குழந்தை பிறந்து ஒரு நிமிடத்துக்குள், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தாய்க்கு. அதற்குப் பிறகுதான் உண்மையான கண்காணிப்பு. எனக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் என் கையைப் பிடித்து ஒரு தாயின் அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். “கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியா இருக்கா? இருந்தா நிம்மதியா நோட்ஸ் எழுது. மாவு மாதிரி இளகுச்சுன்னா என்னைக் கூப்பிடு.” கர்ப்பப்பை இளகினால் ரத்தப்போக்கு நிற்காது, சில நிமிடத்தில் தாய் கையை விட்டுப் போய்விடுவாள். எல்லோரும் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தாயின் வயிற்றில் கை வைத்திருக்கும் மனசு உங்களுக்கு இருந்தால் மகப்பேறு உங்கள் துறை. தமிழ்நாட்டில் பிரசவம் கிட்டத்தட்ட முழுவதுமே மருத்துவமனைகளில்தான் நடக்கிறது. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷிஃப்ட் முறையில் இருக்கும் செவிலியர்களே சுகப்பிரசவங்களைப் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் தேர்ந்த கைக்கு நம் ஊரில் என்றும் மதிப்பு உண்டு.

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியூ பற்றி ஒரே ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் உடம்பில் மொத்தமே 80, 90 மில்லி ரத்தம்தான் இருக்கும். நம் டீக்கடை கிளாஸ் ஒன்றில் அடங்கிவிடும். லேபுக்கு ஒரு மில்லி எடுத்தாலும் அது பெரிய அளவு. மருந்தில் ஒரு தசமப் புள்ளி தள்ளிப்போனால் பத்து மடங்கு. இரண்டு மில்லி தாய்ப்பாலை டியூபில் ஊற்றிவிட்டு, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கணக்கில் தடுமாறுகிறவர்கள் முதலில் கணக்கைச் சரிசெய்துகொள்ளட்டும். அது பழகினால் வந்துவிடும். பழக்கத்தால் வராதது ஒன்று உண்டு. வராண்டாவில் காத்திருக்கும் அப்பாவிடம் இன்றைக்கு எடை இருபது கிராம் கூடியிருக்கிறது என்றும், சில நாள் வேறு செய்தியும், அதே கனிவோடு பேசும் குணம் அது. குழந்தைகள் வார்டும் இப்படித்தான். அங்கே குழந்தையோடு சேர்த்து அம்மா, பாட்டி, அத்தை என்று மூன்று பேரைப் பார்க்க வேண்டும்.

மனநல நர்சிங்கை மாணவர்கள் பயத்தோடு ஒதுக்குவதுதான் என் பெரிய ஆதங்கம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையின் வரலாறு 1794 வரை பின்னால் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் போஸ்டிங் கிடைத்தும் கேட்டுக்குப் பக்கத்திலேயே கும்பலாக நின்றுவிட்டு வருகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுப்பதையும் தடை செய்கிறது. இந்தச் சட்டம் ஏட்டோடு நிற்காமல் வார்டில் நடக்க வேண்டுமென்றால் அதற்குச் செவிலியர்தான் வேண்டும். இங்கே ஐவி லைன் போடும் வேலை குறைவு. உட்கார்ந்து கேட்கும் வேலைதான் அதிகம். மூன்று வாரமாக யாரிடமும் பேசாத ஒருவர், நீங்கள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு “சக்கர கம்மி” என்று சொன்னால் அது பெரிய முன்னேற்றம். அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தெரிந்தவருக்கு இந்தத் துறை நிறையக் கொடுக்கும். மேற்படிப்புக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்) இருக்கிறது.

டயாலிசிஸ் என் வீடு மாதிரி, அதனால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன். நோயாளி வந்ததும் எடை பார்ப்போம். போன தடவைக்கும் இப்போதைக்கும் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று கணக்கிடுவோம். பிறகு கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) மேல் மூன்று விரலை வைத்துப் பார்ப்போம். தோலுக்கு அடியில் ஒரு அதிர்வு தெரியும். த்ரில் என்று சொல்வோம். மடியில் படுத்த பூனையின் தொண்டை உர்ர் என்று அதிருமே, விரலுக்கு அப்படித்தான் இருக்கும். அது இருந்தால் ஊசி போடலாம். அது நின்றுபோயிருந்தால் ஃபிஸ்டுலா அடைத்துவிட்டது என்று அர்த்தம், அந்த மனிதரின் உயிர்க்கயிறு அது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிறகு நான்கு மணி நேரம் மெஷின் ஓடும். பிபி இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அதே முகம், அதே நாற்காலி, வருடக்கணக்கில். இளநீர் குடித்தீர்களா, வாழைப்பழம் சாப்பிட்டீர்களா என்று, ஆகாததைச் சாப்பிட்டதற்காகத் திட்டுவோம். அவர்கள் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள். ஒருநாள் அந்த நாற்காலி காலியாக இருக்கும். இந்த நெருக்கம்தான் இந்தத் துறையின் வரமும் பாரமும். நிறைய யூனிட்டுகளில் நைட் டூட்டி குறைவு என்பது குடும்பம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி.

மற்ற வார்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி மயக்கத்தில் இருப்பார், நீங்கள் பழகப்போவது சர்ஜனோடும் கருவிகளோடும். தையல் போடுவதற்கு முன்னும் பின்னும் பஞ்சு, கருவி எல்லாவற்றையும் எண்ண வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் “சார், கவுன்ட் சரியில்லை” என்று நிறுத்துகிற தைரியம் வேண்டும். புற்றுநோய்த் துறையான ஆன்காலஜியில் கீமோ மருந்தைக் கையாள்வதில் தனிப் பயிற்சி தேவை. ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையையே அரித்துவிடும் மருந்துகள் உண்டு. 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் போன்ற இடத்தில் போஸ்டிங் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சமுதாய நலத்தை வெயிலில் அலைகிற வேலை என்று நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு, படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே போய் வலி நிவாரணப் பராமரிப்பு கொடுப்பதும் இதன் பகுதி. டாக்டர் பக்கத்தில் இல்லாமல் தனியாக முடிவெடுக்கப் பிடித்தவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள்.

நான்காம் படி: உங்கள் உடம்பையும் வீட்டையும் கணக்கில் எடுங்கள்

இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். பேசியாக வேண்டும். முதுகுவலி ஏற்கெனவே இருந்தால் ஆர்த்தோவும் நரம்பியல் துறையான நியூரோவும் கடினம், நோயாளியைத் தூக்கித் திருப்புவது தினசரி வேலை. காலில் நரம்பு சுருண்டிருந்தால் தியேட்டரில் மணிக்கணக்கில் நிற்பதை யோசியுங்கள். இதய ரத்தக்குழாய் சிகிச்சை நடக்கும் கேத் லேபில் ஈயக் கவசமான லெட் ஏப்ரனின் எடையும் கதிர்வீச்சும் உண்டு. அங்கேயும் கீமோ வார்டிலும் இருப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்த உடனே இன்சார்ஜிடம் சொல்லி இடம் மாற வேண்டும், மூன்று மாதம் ஆகட்டும் என்று மறைக்கக் கூடாது. தூக்கம் கெட்டால் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் இன்டர்ன்ஷிப் நைட் டூட்டியில் நேர்மையாகக் கவனியுங்கள். அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு மருந்துக் கணக்கில் தப்பு செய்கிற ஆளா நீங்கள்? தெரிந்துகொள்வது உங்களுக்கும் நோயாளிக்கும் பாதுகாப்பு.

வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதும் ஒரு உண்மைதான். “மனநல ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்குற? வரன் எப்படி வரும்?” என்று ஒரு மாணவியின் அத்தை கேட்டாராம். அம்மாவை ஒருமுறை வார்டுக்குக் கூட்டிவர இன்சார்ஜிடம் அனுமதி வாங்கச் சொன்னேன். வந்து பார்த்த அம்மாதான் பிறகு அத்தையிடம் பேசினார்.

ஆண் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாடத்திட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். நடைமுறையில் லேபர் வார்டு வேலை உங்களுக்குக் கிடைப்பது அரிது. ஐசியூ, கேஷுவாலிட்டி, தியேட்டர், டயாலிசிஸ், மனநலம், ஆர்த்தோ ஆகியவற்றில் உங்களைத் தேடுவார்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கான நார்செட் தேர்வில் இடங்கள் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 என்ற விகிதத்தில் போகின்றன. அதனால் அரசு வேலையை மட்டும் நம்பியிருக்காமல் ஒரு துறையில் ஆழமான அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள்

டியூட்டரிடம் கேட்டால் பாடம் கிடைக்கும். வார்டு சிஸ்டரிடம் கேட்டால் உண்மை கிடைக்கும். எப்போது கேட்கிறீர்கள் என்பது முக்கியம். காலையில் ஷிஃப்ட் மாறி ஓவர் கொடுக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், ரவுண்ட்ஸ் நேரத்திலும் வேண்டாம். மத்தியான மருந்து முடிந்து அவர்கள் நோட்ஸ் எழுத உட்காரும்போது, “சிஸ்டர், நான் இந்த பெட்டுக்கு வைட்டல்ஸ் பார்த்துடட்டுமா?” என்று ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

“இந்த வேலை பிடிச்சிருக்கா?” என்று கேட்டால் எல்லாரும் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். “கடைசியா எப்போ வேலையை விடணும்னு தோணுச்சு? ஏன் விடல?” என்று கேளுங்கள். கதை வரும். ஒரே துறையில் ஒரு வருடமானவர், ஐந்து வருடமானவர், பதினைந்து வருடமானவர் என்று மூன்று பேரிடம் கேட்டால் அந்தத் துறையின் முழு வாழ்க்கையும் கண்முன் வந்துவிடும்.

ஆறாம் படி: முதல் வேலை

முடிந்தால் முதல் ஒரு வருடம் பொது மெடிக்கல் அல்லது சர்ஜிக்கல் வார்டில் இருங்கள் என்பது என் கருத்து. இதை எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நேராக ஐசியூவில் சேர்ந்து நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் பத்து, பன்னிரண்டு நோயாளிகளை ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு, யார் முகம் சரியில்லை என்று நடந்துபோகும்போதே கண்டுபிடிக்கும் பழக்கம் பொது வார்டில்தான் வருகிறது. மானிட்டர் இல்லாத இடத்தில் கண்ணும் கையும்தான் மானிட்டர்.

இன்டர்வியூவில் அவர்கள் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட், ஓரியன்டேஷன் எத்தனை வாரம், அந்த நாட்களில் தனியாக நோயாளி கொடுப்பீர்களா, ஐசியூ என்று எடுத்துவிட்டு வேறு வார்டுக்கு அடிக்கடி அனுப்புவீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் சரியான அளவு. ஒருவருக்கு மூன்று வென்டிலேட்டர் என்று சாதாரணமாகச் சொல்கிற இடத்தில் ஐசியூ நர்சிங்கை நீங்கள் கற்க முடியாது, ஓட மட்டும்தான் முடியும்.

பாண்ட், அதாவது இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம், இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எக்காரணம் கொண்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், கையோடு எடுத்து வாருங்கள். என் கூடப் படித்தவளின் சர்ட்டிபிகேட்டுகள் ஒரு தனியார் மருத்துவமனையின் பீரோவில் மாட்டிக்கொண்டதால், அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்புக்கு அவளால் போக முடியாமல் போனது. அந்த வாய்ப்பு அவளுக்குத் திரும்ப வரவே இல்லை.

ஏழாம் படி: மேற்படிப்பு, அரசு வேலை, வெளிநாடு

எம்.எஸ்சி. நர்சிங்கில் ஐந்து பிரிவுகள்: மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் கார்டியோ, கிரிட்டிக்கல் கேர் (தீவிர சிகிச்சை), ஆன்காலஜி, நியூரோ, நெஃப்ரோ (சிறுநீரகம்) என்று உட்பிரிவுகள் உண்டு. பி.எஸ்சி.யில் 55 சதவீத மதிப்பெண்ணும், முடித்த பிறகு ஒரு வருட வேலை அனுபவமும் வேண்டும். இதில் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊரில் எம்.எஸ்சி. முடித்தவர்களில் நிறையப் பேர் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். கற்பிக்கப் பிடித்தால் நல்லது. நோயாளி பக்கத்திலேயே இருக்கத்தான் ஆசை என்றால், ஒரு வருட போஸ்ட் பேசிக் டிப்ளமோவைப் பாருங்கள். கிரிட்டிக்கல் கேர், நியோநேட்டல் (பச்சிளம் குழந்தை), ஆன்காலஜி, ரீனல் (சிறுநீரகம்), ஆபரேஷன் ரூம், மனநலம் எல்லாவற்றுக்கும் உண்டு. கிரிட்டிக்கல் கேரில் ஆழமாகப் போக, இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது. பெரும்பகுதி வார்டிலேயே நடக்கும் ரெசிடென்சி படிப்பு அது. எதுவாக இருந்தாலும் அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, அந்த வருடத்துக்கு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். புரோஷரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் அரசு செவிலியர் தேர்வை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. தேர்வானால் எந்த ஊர், எந்த வார்டு என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. அரசு வேலைதான் குறி என்றால் ஒரே துறையில் ஒட்டிக்கொண்டு மற்றதை மறந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டால் பிரசவம் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாடு போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். வளைகுடா வேலைகளுக்கு ஐசியூ, தியேட்டர், டயாலிசிஸ், லேபர் என்று குறிப்பிட்ட வார்டில் தொடர்ச்சியான அனுபவம் கேட்பார்கள், பெரும்பாலும் இரண்டு வருடம். நடுவில் மூன்று வார்டு மாறியிருந்தால் அனுபவச் சான்றிதழில் அது பிசிறடிக்கும். பிரிட்டனில் பெரியவர், குழந்தை, மனநலம், கற்றல் குறைபாடு என்று பதிவே பிரிவு பிரிவாக இருக்கிறது. மனநலத்தில் அனுபவம் சேர்த்தவருக்கு அங்கே தனிக் கதவு உண்டு. அமெரிக்காவின் நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எல்லாருக்கும் பொதுவானது, துறை பிறகுதான். ஜெர்மனிக்கு எந்தத் துறையாக இருந்தாலும் முதலில் மொழி.

எட்டாம் படி: தப்பான வார்டில் வந்துவிட்டால்

முதல் மூன்று மாதம் எந்த வார்டும் தப்பான வார்டாகத்தான் தெரியும். கை பழகவில்லை, பயம், இன்சார்ஜ் திட்டுகிறார், சாப்பிட நேரமில்லை. இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்தும் டூட்டிக்குக் கிளம்பும்போது வயிறு பிசைகிறதா, லீவு நாளில்கூட அந்த வார்டு கனவில் வருகிறதா? அப்படியென்றால் மாறுவதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

வேலையை விடுவதற்கு முன்னால் அதே மருத்துவமனைக்குள் மாற்றம் கேளுங்கள். வார்டு இன்சார்ஜிடம் முதலில் வாயால் சொல்லிவிட்டு, பிறகு நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்குக் கடிதம் கொடுங்கள். கடிதத்தில் இந்த வார்டைக் குறை சொல்ல வேண்டாம். எந்த வார்டுக்குப் போக விரும்புகிறீர்கள், ஏன், அங்கே ஏற்கெனவே எத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று மூன்றே வரியில் எழுதுங்கள். தேதி போட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்டில் யாராவது நீண்ட லீவில் போகும்போது, “நான் போகட்டுமா?” என்று கேளுங்கள். நான் ஒரு மாதத்துக்கு என்று டயாலிசிஸுக்குப் போனதும் இப்படி ஒருவர் பிரசவ லீவில் போன இடத்துக்குத்தான். அவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, இன்சார்ஜ் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டார். காலை ஷிஃப்டில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டார்கள்.